முதியோர் குரலைப் பதிவு செய்ய நல்ல வயர்

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் போன்ற ஊர்களின் வயல் எல்லை, குளம், வாய்க்கால் ஆகியவற்றை நேரில் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களைக் கூட்டிப் பேசவைத்துப் பதிவு செய்கையில் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் தனி வழி வேண்டும்.

பலவழி வயர் வாங்கும்போது, ஒவ்வொரு வழியிலும் முறுக்கிய இரு செப்புக் கம்பிகளும் அவற்றைச் சுற்றிய கவசப் பின்னலும் உண்டா எனப் பாருங்கள். மூன்று முனைப் பிளக்கே இதற்குப் பொருந்தும். மின் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே விதமாக ஏறும். குரலோ எதிரெதிராக வரும். பதிவுக் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க, இரைச்சல் நீங்கிக் குரல் மிஞ்சும்.

230 வோல்ட் மின்வயருக்கு அருகே இணையாக இழுக்காதீர்கள். தவிர்க்க முடியாவிடில் குறுக்காகக் கடக்கவும். கடற்காற்றில் பிளக்கில் களிம்பு பிடிக்கும்; துடைத்து உலர்வாக வையுங்கள். பதிவுக்கு முன் ஒவ்வொரு வழியையும் சோதியுங்கள். அம்முதியவரை மறுமுறை கேட்க வாய்ப்புக் கிடையாமலும் போகலாம்.