நல்லா நின்ற மாடு திடீரென்று விழுந்தால்



லயத்துக்குப் பின்னால் கட்டி வளர்க்கும் ஒரு கறவை மாடு பல குடும்பங்களுக்குப் பேர்ச் சம்பளத்துக்கு அடுத்த வருமானம். அந்த மாடு காலையில் பால் கொடுத்துவிட்டு மாலையில் விழுந்து கிடந்தால் வீட்டில் அடுப்பே எரியாது. உடனே "கண்ணேறு", "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பும், பக்கத்து வீட்டோடு சண்டையும் வரும். ஆனால் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நடந்ததைப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய மாவட்டங்களில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கில் மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. புது நோய் வந்துவிட்டது என்று சனங்கள் பயந்தார்கள். அந்த இரண்டு மாகாணங்களிலிருந்தும் இறைச்சி கொண்டு போவதை அரசாங்கம் தற்காலிகமாகத் தடை செய்தது. செத்த மிருகங்களின் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். கடைசியில் தெரிந்த காரணம் குளிர்! வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் வந்த நேரம் மழையும் காற்றும் கடுங்குளிரும் ஒன்றாகச் சேர்ந்தன. வெயிலுக்குப் பழகி, கொட்டில் இல்லாமல் வெட்டவெளியில் நின்ற கால்நடைகளுக்கு உடம்புச் சூடு இறங்கிவிட்டது. ஒரு கூரையும் காய்ந்த படுக்கையும் இருந்திருந்தால் பல உயிர் தப்பியிருக்கும்.

ஆகவே மாடு விழுந்தால் யார் செய்தது என்று கேட்பதைவிட, அன்று என்ன தின்றது, எங்கே நின்றது என்று கேட்பதுதான் பிரயோசனம். பொதுவான காரணங்கள் இவை:

1. தீனி: மரவள்ளி இலையில் நஞ்சு உண்டு. பச்சையாக நிறையத் தின்றால் சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழும்.

2. மருந்து: களைநாசினி, பூச்சிமருந்து அடித்த மலையில் புல் அறுக்கக் கூடாது. மருந்து கலக்கிய வாளியில் தண்ணீர் வைக்கவும் கூடாது.

3. வயிறு உப்புசம்: ஈரமான இளம்புல்லைப் பசியோடு தின்றால் இடது பக்க வயிறு மத்தளம் போல ஊதும். முன்கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்திவிட்டு ஆள் அனுப்புங்கள்.

4. பால் காய்ச்சல்: கன்று போட்டு இரண்டு மூன்று நாளில் எழும்ப முடியாமல், கழுத்தை விலாப் பக்கம் திருப்பிக் கிடக்கும். இது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மிருக வைத்தியர் நேரத்துக்கு ஊசி போட்டால் எழும்பிவிடும். அதற்குள் வாயில் கஞ்சி, தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

5. தொண்டை அடைப்பான்: மழைக்காலத்து நோய். கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், ஒரே நாளில் சாவு. ஈரநிலத்தில் இந்தக் கிருமி நின்று பிடிக்கும். ஹெந்தளைப் பக்கம் முத்துராஜவெல சதுப்பு ஓரமாக மாடு கட்டுகிற நம்மவர்களும் இதைக் கவனிக்க வேணும். மழை தொடங்கமுன் தடுப்பூசி போட வேண்டும்.

மாடு செத்துப் போனால் இன்னொரு ஆபத்து. "நட்டத்தையாவது எடுப்போம்" என்று இறைச்சிக்கு வெட்டுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த இரத்தம் வந்திருந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். மேலே சொன்ன தொண்டை அடைப்பான் வேறு, இது வேறு. இது மனிதரையும் கொல்லும். வெட்டிய கையிலும் புண் வரும், அந்த மண்ணிலும் கிருமி பல வருடம் உயிரோடு கிடக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விழுந்த மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து பிரியுங்கள். கடைசியாகப் போட்ட தீனியில் ஒரு பிடி எடுத்து வையுங்கள். பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள். செத்திருந்தால் வைத்தியர் வரும்வரை தொடாதீர்கள். பிறகு அவர் சொல்கிறபடி, பீலிக்கும் ஓடைக்கும் தூரமாக ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காப்புறுதி எடுத்தவர்கள் அவரிடம் அறிக்கை வாங்க மறக்க வேண்டாம்.

செத்த மாடு திரும்பி வராது. ஆனால் ஏன் செத்தது என்று தெரிந்தால் மிச்சமிருக்கும் மாட்டையும் கன்றையும், பக்கத்து வீட்டு மாட்டையும் காப்பாற்றலாம். இந்தப் பக்கத்தை லயத்தில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து எல்லோரும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள்.