நெடுவழிப் பந்தயத்தில் எந்த ஜோடி முந்தும்?

தை மாதம் நெருங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். எந்த ஊர்ச் சாலையில் என்றைக்கு மாட்டுவண்டிப் பந்தயம், எந்த ஊர் ஜோடி வருகிறது என்பதுதான் அது. குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம், மூணாறு என்று மலைமேல் குடியேறிவிட்ட நம் குடும்பங்களில் பலருக்கும் கீழே கூடலூரிலோ கம்பத்திலோ போடியிலோ ஒரு சித்தப்பா வீடோ அத்தை வீடோ இருக்கிறது. பொங்கலுக்கு இறங்குகிறவர்கள் பந்தயத்தையும் பார்த்துவிட்டு மலையேறுவதுதான் வழக்கம். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதே ஆசையைப் பொள்ளாச்சி, உடுமலை ரேக்ளா தீர்த்து வைக்கிறது.

வண்டிகள் வருகின்றன, புழுதி பறக்கிறது, ஒரு நிமிடத்தில் கண்ணைவிட்டு மறைகின்றன. "எந்த வண்டி ஜெயிக்கும்?" என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல நமக்கு விவரம் வேண்டாமா? வண்டி கிளம்புமுன் எதைப் பார்த்து எந்த ஜோடியை மதிப்பிடுவது என்பதை இந்தக் கட்டுரை எடுத்துச் சொல்கிறது.

குதிரைக்குப் பாரம், காளைக்கு அளவு

நெடுந்தூரப் பந்தயம் என்றால் உலகம் முதலில் நினைப்பது குதிரையைத்தான். ஆஸ்திரேலியாவில் 1861-இல் தொடங்கிய மெல்போர்ன் கோப்பை, புல்தரையில் 3,200 மீட்டர் ஓட்டம். அதிகபட்சம் 24 குதிரைகள் ஓடும். பந்தயத்துக்கு முன்பே பத்திரிகைகள் ஒவ்வொரு குதிரையின் வம்சம், வயது, முந்தைய ஓட்டம், சவாரிக்காரர் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடும். அங்கே கெட்டிக்காரக் குதிரைக்குப் பாரம் கூட்டி எல்லாரையும் சமமாக்கப் பார்ப்பார்கள். 1930-இல் அந்தக் கோப்பையை வென்ற ஃபார் லாப் என்ற புகழ்பெற்ற குதிரைக்கு மறு ஆண்டு சுமார் 68 கிலோ பாரம் ஏற்றினார்கள். அது எட்டாவதாகத்தான் வந்தது. நெடுந்தூரத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும்.

நமக்குப் பக்கத்தில் இருந்த ஊட்டி குதிரைப் பந்தயத் திடல் 2024 ஜூலையில் குத்தகை பாக்கிக்காக அரசின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டித் திடலின் குத்தகையையும் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது. ஆனால் நம் எல்லையோரச் சாலைகளில் நடக்கும் பந்தயம் குத்தகைத் திடலை நம்பியதல்ல. தென் மாவட்டத்து நோட்டீஸ்களில் பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல் என்று போடுவதுண்டு. கிலோமீட்டர் வந்து இத்தனை காலம் ஆகியும் பந்தயக் கணக்கு மட்டும் மைலை விடவில்லை! 8 மைல் என்றால் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர், அதாவது மெல்போர்ன் கோப்பையைப் போல நான்கு மடங்கு.

குதிரைக்குப் பாரம் கூட்டிச் சமன் செய்கிறார்கள் என்றால், நம்மவர்கள் மாட்டின் அளவைப் பார்த்துப் பிரிவு கட்டுகிறார்கள். பெரிய காளையோடு சின்னக் காளை மோத வேண்டியதில்லை. அவரவர் அளவில் அவரவர் ஓடட்டும் என்பதுதான் இதில் உள்ள நியாயம்.

களத்தில் இறங்குவோர்

தேனி மாவட்டப் பந்தயங்களில் பிரிவுகளின் பெயரைக் கேட்டாலே மனசு குளிரும். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான், பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு. எந்த உயரத்துக்கு எந்தப் பெயர் என்பது ஊருக்கு ஊர் சற்று மாறும். விழாக் குழு வைத்ததே சட்டம்.

சிட்டுப் பெயர் தாங்கிய சின்ன மாடுகள் துள்ளிக்கொண்டு கிளம்பும். பார்க்க அழகு. ஆனால் அனுபவம் குறைந்தவை. கூட்டத்தின் கூச்சலுக்கு மிரண்டு சாலையோரம் சாய்ந்துவிடும். இந்தப் பிரிவில் வேகத்தைவிட அமைதியைப் பாருங்கள். கிளம்புமிடத்தில் தலையை உதறாமல் நிற்கிற ஜோடிக்கே வாய்ப்பு அதிகம்.

இடைப்பட்ட பிரிவுகளில் போட்டி நெருக்கமாக இருக்கும். துடிப்பும் அனுபவமும் ஒன்றாகச் சேரும் பருவம் இது. இரண்டு வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி வருவதை இங்கேதான் அதிகம் காணலாம்.

பெரிய மாட்டுப் பிரிவுதான் உண்மையான நெடுவழி. தொடக்கத்தில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஏமாந்துபோவோம். பாதி வழி வரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிற ஜோடி, திரும்பி வருகையில் ஒவ்வொன்றாகத் தாண்டி முன்னுக்கு வருவது இந்தப் பிரிவில் சகஜம்.

எந்த இனம்?

குதிரைப் பந்தயத்தில் வம்சம் கேட்பது போல இங்கே இனம் கேட்பார்கள். கொங்குச் சீமையின் காங்கேயம் காளை கட்டான உடம்பும் நல்ல திமிலும் கொண்டது. கன்றாக இருக்கையில் செந்நிறமாக இருந்து, பிறகு வெளுத்து, வளர்ந்த காளையில் திமிலும் கழுத்தும் கருமை ஓடும். ஈரோடு மாவட்ட மலையில் வளரும் பர்கூர் மாடு செவலையில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது. முரட்டுக் குணம், ஆனால் ஓட்டத்தில் பெயர் பெற்றது. சிவகங்கை, மதுரைப் பக்கத்துப் புலிக்குளம் சிறிய உடம்பில் பெரிய வேகம் கொண்டது. கர்நாடகத்தின் அமிர்தமகால் மாடுகள் ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் படைக்குத் தளவாடம் இழுத்தவை. களைக்காமல் நெடுந்தூரம் நடப்பதே அவற்றின் பெருமை.

கம்பம் பள்ளத்தாக்கின் சொந்தச் சொத்து மலைமாடு. கிடையாகக் காட்டோரம் மேய்ந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்வதால் காலும் குளம்பும் உறுதி. அந்த மண்ணுக்கு மாடு வெறும் சொத்தல்ல. கம்பம் நந்தகோபாலன் கோயிலில் சிலைக்குப் பதிலாக உயிருள்ள தம்பிரான் மாட்டையே வணங்குகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று அங்கே கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒரு ஜோடியை எடைபோடும் விதம்

முதலில் பல். மாட்டின் வயது பல்லில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு வயதில் முன்பக்கப் பால் பற்கள் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைக்கும். பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்த மாடு' என்பார்கள். நெடுந்தூரத்துக்கு இளங்கன்று உதவாது. எலும்பு முற்றி, மூச்சு நிலைத்த காளை வேண்டும்.

அடுத்தது கால். நடக்கும்போது பின்னங்கால் குளம்பு முன்னங்கால் வைத்த இடத்துக்கே வந்து விழுகிறதா, அதையும் தாண்டி விழுகிறதா என்று கவனியுங்கள். எட்டி வைக்கிற காளைக்குக் குறைந்த அடியில் அதிக தூரம் கிடைக்கும். லாடம் புதிதாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். தார்ச்சாலையில் லாடம் கழன்றால் ஓட்டம் அதோடு முடிந்தது.

மூன்றாவது வயிறு. நன்கு பழக்கிய காளையின் வயிறு ஒட்டியிருக்கும், ஆனால் விலா எலும்பு துருத்தாது. பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை என்று பந்தய மாட்டுக்குப் போடும் தீனி சாதாரண உழவு மாட்டுக்குக் கனவிலும் கிடைக்காது. தீனியோடு தினசரி நடையும் நீச்சலும் சேர வேண்டும். மூச்சை வளர்ப்பது நீச்சல்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொருத்தம். ஓடுவது ஒரு காளை அல்ல, ஒரே நுகத்தடியில் இரண்டு. ஒன்று அரசனாகவும் மற்றொன்று ஆண்டியாகவும் இருந்தால் வண்டி கோணிக்கொண்டு போகும். அடி ஒன்றாக விழ வேண்டும், மூச்சும் ஒன்றாக வர வேண்டும். கிளம்புமுன் நுகத்தடி மட்டமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால், தாழ்ந்த பக்கத்துக் காளை அதிக பாரம் சுமந்து சீக்கிரம் சோரும்.

கடைசியாகச் சாரதி. கயிற்றைப் பிடித்திருக்கும் சாரதியும், கூடவே ஓடி ஓடித் தொற்றிக்கொள்ளும் துணைச் சாரதியும் மாட்டின் மொழி தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். முதல் மைலிலேயே விரட்டுகிறவன் ரசிகர்களின் கைதட்டலுக்கு ஓட்டுகிறான். கயிற்றை இழுத்துப் பிடித்து மாட்டின் மூச்சைச் சேமிக்கிறவனே பரிசுக்கு ஓட்டுகிறான்.

எல்லையில் திரும்பும் இடம்

பந்தயத்தின் உயிர்நாடி பாதி வழியில், வண்டி திரும்பும் எல்லையில் இருக்கிறது. அங்கே உள்பக்கத்துக் காளை அடியைக் குறைக்க வேண்டும், வெளிப்பக்கத்துக் காளை அகல எட்டி வைக்க வேண்டும். பழக்கம் இல்லாத ஜோடி அகலமாக வளைந்து நேரத்தை இழக்கும், அல்லது குறுகலாக வளைந்து சக்கரத்தைச் சாய்க்கும். புறப்படுமிடத்தில் கூட்டத்தோடு நெரிவதைவிட எல்லைக்குச் சற்று முன்பாக ஒரு மேட்டில் நின்றால் யார் ஜெயிப்பார் என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். திரும்பிய பின்னும் வாலைத் தொங்கவிடாமல், வாயில் நுரை தள்ளாமல், அடி பிசகாமல் வருகிற ஜோடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டு எல்லை வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா வேறு வகை. பொதுவாக 200 மீட்டர், 300 மீட்டர் தூரம்தான். ஒவ்வொரு வண்டியாக ஓடும். கடிகாரத்தோடுதான் போட்டி. அங்கே மூச்சுக்கு வேலையில்லை, பாய்ச்சலுக்கே முதல் மரியாதை. நெடுவழியில் தோற்கும் காளை அங்கே தங்கக் காசு வாங்கலாம்.

காளைக்கு இருக்கிற ஒரே வேலை

இது வெறும் வேடிக்கை இல்லை. டிராக்டர் வந்த பிறகு உழவுக்குக் காளை வேண்டாம். லாரி வந்த பிறகு பாரத்துக்கும் வேண்டாம். காளைக் கன்று பிறந்தால் அடிமாட்டுக்கு அனுப்புவதா, வளர்ப்பதா என்ற கேள்வி எழுகிறது. வளர்ப்பதற்கு ஒரு காரணத்தை இன்று பந்தயமும் ஜல்லிக்கட்டும்தான் கொடுக்கின்றன.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் எழுந்த போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு ஜல்லிக்கட்டுக்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தங்களையும் ஏற்றது. அந்த வழக்கில் கேரளத்துச் சட்டம் எதுவும் இல்லை. பாலக்காட்டு வயல்களில் புகழோடு நடந்த காளைப்பூட்டு 2014 தடையால் நின்றதை நம் மலையாள அண்டை வீட்டாரைக் கேட்டால் வருத்தத்தோடு சொல்வார்கள்.

மலைமாட்டுக்கு இன்னொரு நெருக்கடி. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் காடுகள் எங்கும் மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. காட்டைக் காப்பதும் நியாயம், கிடைமாட்டுக்காரர் பிழைப்பும் நியாயம். மேய்ச்சல் இடம் சுருங்கினால் கிடை சுருங்கும். கிடை சுருங்கினால் நாளைய பந்தயத்துக்குக் காளை எங்கிருந்து வரும்?

ஆகவே பந்தயம் நிலைக்க வேண்டுமானால் அது சுத்தமாக நடக்க வேண்டும். தார்க்குச்சியால் குத்துவது, வாலைக் கடிப்பது, வண்டிகளைத் துரத்திக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் பறப்பது, பின்னால் நடக்கும் பணப் பந்தயம் ஆகிய ஒவ்வொன்றும் அடுத்த தடைக்கு நாமே எழுதிக் கொடுக்கும் மனு. பிரிட்டனில் 2023 முதல் சமதளக் குதிரைப் பந்தயத்தில் 6 முறைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தினால் சவாரிக்காரருக்குத் தண்டனை உண்டு. நம் விழாக் குழுக்கள் இதுபோன்ற கணக்கை வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. அடிக்காமல் ஜெயித்த சாரதிக்குத் தனிப் பரிசு என்று ஒரு குத்துவிளக்கு வைத்தால் போதும், பத்துப் பேர் திருந்துவார்கள்.

இந்தப் பொங்கலுக்கு இறங்குகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுமுன் ஓட்டம் நடந்தால்தான் மாட்டுக்கும் நல்லது. சாலையை விட்டு எட்டி, உயரமான இடத்தில் நில்லுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். பந்தயம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எந்த இனம், எத்தனை பல், எந்த ஊர்க் கிடை என்று உரிமையாளரை மரியாதையோடு கேளுங்கள். கோப்பையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வார். மாட்டைப் பற்றிக் கேட்டால் பொழுது போவது தெரியாமல் சொல்வார்.