4 மில்லிமீட்டர் வெட்டு: மாடல் காரின் கூரையை இறக்குவது எப்படி?

பிளாஸ்டிக் மாடல் கார் கிட் வாங்கினா, பெட்டியில இருக்கிற மாதிரியேதான் செய்யணுமா? அவசியமே இல்லை. 1958-லேயே அமெரிக்காவின் ஏஎம்டி கம்பெனி 'த்ரீ இன் ஒன்' கிட் விற்க ஆரம்பிச்சது. ஷோரூம் கார், கஸ்டம் கார், ரேஸ் கார், மூணுக்கும் பாகங்கள் ஒரே பெட்டியில. ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது நாமளே ரம்பம் எடுத்துச் செய்யற வேலை. கூரையை வெட்டி உயரத்தைக் குறைக்கிறது. இதுக்குப் பேர் 'சாப்'.

நிஜ காரில் இதுக்குப் பிரபலமான உதாரணம் 'ஹிரோஹாட்டா மெர்க்'. 1951 மாடல் மெர்குரி. 1952-ல் கலிஃபோர்னியாவில் பேரிஸ் சகோதரர்களின் பட்டறையில் உருமாறியது. கூரையை முன்பக்கம் 4 இன்ச், பின்பக்கம் 7 இன்ச் இறக்கினாங்க. 1/25 அளவு மாடலில் இது வெறும் 4 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர்தான்.

சின்ன வெட்டுதானே? இங்கதான் சிக்கல். கண்ணாடியைத் தாங்குற தூண்கள் நேரா நிக்கலை, சாய்ஞ்சு நிக்குது. நடுவுல 4 மில்லிமீட்டர் எடுத்துட்டு கூரையை அப்படியே கீழே இறக்கினா, மேல்துண்டும் கீழ்த்துண்டும் சந்திக்காது. ஸ்கூல்ல படிச்ச டேன் தீட்டாதான்: தூண் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ஞ்சிருந்தா 2.3 மில்லிமீட்டர் விலகும், 45 டிகிரின்னா முழுசா 4. முன்னாடியும் விலகும், பின்னாடியும் விலகும். அதாவது, கூரை இப்போ பாடிக்கு நீளம் பத்தாது.

இதுக்கு ரெண்டு வழி. தூண்களை இன்னும் கொஞ்சம் சாய்க்கலாம். இல்லைன்னா கூரையைக் குறுக்கே வெட்டி, நடுவுல அதே பாலிஸ்டைரீன் பட்டையை வெச்சு நீட்டலாம். எதுவா இருந்தாலும், வெட்டுறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போடுங்க. சாஃப்ட்வேர்ல அண்டூ இருக்கு, பிளாஸ்டிக்ல கிடையாது.

இடைவெளியைப் பட்டி போட்டு அடைச்சிடலாமேன்னு தோணும். வேண்டாம். மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைச்சு, ரெண்டு துண்டையும் வெல்டிங் மாதிரி ஒண்ணாக்கும். அந்த பலம் பட்டிக்கு இல்லை. மேலும், ட்யூபில் வர்ற பட்டி அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி காய்வதால் சுருங்கும். தடிமனா போட்டா, பெயின்ட் அடிச்சு சில வாரம் கழிச்சு அந்த இடம் பள்ளமா தெரியும். ஹார்டனர் கலக்குற ரெண்டு பாக பட்டி வேதிவினையால் இறுகுது. அதனால சுருக்கம் குறைவு. இடைவெளிக்கு பிளாஸ்டிக், மேடு பள்ளத்துக்கு மட்டும் பட்டி. இதுதான் கணக்கு.

அப்புறம் 400, 600, 1000-னு வரிசையா உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுத் தேயுங்க. தண்ணி தூசியை அடக்கும், ஆனாலும் மாஸ்க் போடுங்க. கடைசியா சாம்பல் நிற பிரைமர். வெள்ளை பிளாஸ்டிக்கும் கலர் பட்டியும் ஒரே நிறமாகும்போதுதான் மறைஞ்சிருந்த கீறல் கண்ணுல படும். திரும்ப பட்டி, திரும்ப உப்புத்தாள், திரும்ப பிரைமர். மூணு நாலு சுற்று சாதாரணம். பளபள பெயின்ட் எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். பிரைமர் ஓகே சொல்லாம கலர் டப்பாவைத் திறக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!