வளைய வேண்டியது தகடு மட்டுமே

மெல்லிய உலோகத் தகட்டை நேர்கோட்டில், வேண்டிய கோணத்துக்கு மடித்துத் தருவது மடிப்பு எந்திரத்தின் வேலை. பட்டறைகளில் இதைப் பெண்டிங் மெஷின் என்பார்கள். மின்சாரம் இல்லாமல், எண்ணெய் அழுத்தம் இல்லாமல், கைவலுவால் மட்டும் இயங்கும் வகைக்கு மூன்று உறுப்புகள் போதும். தகடு படுத்திருக்கும் அடிச்சட்டம் ஒன்று. அதை மேலிருந்து இறுக்கும் பிடிச்சட்டம் இன்னொன்று. மூன்றாவது மடிப்புச்சட்டம், அடிச்சட்டத்தின் முன் விளிம்பை ஒட்டிக் கீலில் சுழலும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை அது கீழிருந்து தூக்கி மடக்கும். அமைப்பு இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் கணக்குப் போடாமல் செய்து பார்க்கிறார்கள். இரு முனைகளிலும் கச்சிதமாகவும் நடுவில் தளர்வாகவும் மடியும் எந்திரம்தான் அவர்களுக்கு மிஞ்சுகிறது.

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில் இந்த எந்திரத்துக்கு வேலை குறைவதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகரின் பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். ஓட்டுக்கூரையிலிருந்து வழியும் நீரைப் பிடிக்கும் தகரக் கால்வாயை அந்தந்த வீட்டுக்கு அளந்துதான் மடிக்க வேண்டும். நாசி கண்டார் கடையின் கறித்தட்டு வைக்கும் மேடையும் தெருவோர உணவு வண்டியின் மேல்தட்டும் மடித்த எவர்சில்வர் தகடுகளே. தகரத்தோடு இத்தீவுக்கு இருக்கும் உறவும் பழையது. இரும்புத் தகட்டின் மேல் பூசி அதைத் தகரமாக்கும் வெள்ளீயம் பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டப்பட்டது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உருக்கிய பெரிய ஆலைகளில் ஒன்று பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியிலும் மற்றொன்று எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலும் இருந்தன. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கி, இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்த பிறகு, கருவிப் பெட்டிகளும் தாங்கிகளும் செய்து கொடுக்கும் சிறு பொறியியல் பட்டறைகள் பெருகின. இரண்டு பெட்டி, ஐந்து தட்டு என்று வரும் சில்லறை வேலைகளுக்கு இன்றும் ஏற்றது கையால் இயக்கும் எந்திரமே.

தகடு மடியும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. இரண்டுக்கும் இடையில் நீளம் மாறாத அடுக்கு ஒன்று உண்டு. அதை நடுநிலைப் பரப்பு என்பார்கள். இழுவிசையும் அழுத்தமும் ஓர் எல்லையைத் தாண்டாதவரை, விட்டவுடன் தகடு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டினால்தான் மடிப்பு நிலைக்கும். சாதாரண எஃகில் அந்த எல்லை ஏறக்குறைய 250 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன். தகட்டின் தடிமன் முழுவதும் இந்த எல்லையை எட்டுவதற்கான திருப்புத்திறனைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. 250ஐ மடிப்பின் நீளத்தாலும், தடிமனின் இருமடியாலும் பெருக்கி, 4ஆல் வகுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமும் 1.2 மி.மீ. தடிமனும் கொண்ட தகட்டுக்கு விடை 90 நியூட்டன் மீட்டர். 60 செ.மீ. கைப்பிடியைப் பிடித்து இழுப்பவருக்கு இது 150 நியூட்டன், சுமார் 15 கிலோ எடைக்கு ஈடான விசை. மடிய மடிய எஃகு இறுகும். கீலின் உராய்வும், மடிப்புச்சட்டத்தின் சொந்த எடையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டி 25 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் ஒருவர் கைக்கு அடங்கும் வேலைதான். தடிமன் 2 மி.மீ. ஆனால் அதே தகட்டுக்கு 250 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். தடிமன் இருமடியாகக் கணக்கில் ஏறுவதால், சற்றே தடித்த தகடும் கைப்பிடியை நகரவிடாமல் செய்துவிடும்.

ஆனால் கையின் வலு இங்கே பெரிய சிக்கல் அல்ல. சட்டங்கள் வளையாமல் நிற்குமா என்பதே முக்கியமான கேள்வி. மேலே சொன்ன தகட்டின் ஓரத்தில் 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு மடிப்பு வேண்டும் என்று கொள்வோம். 90 நியூட்டன் மீட்டரை 20 மி.மீட்டரால் வகுத்தால் 4,500 நியூட்டன். கை 15 கிலோ இழுக்கும்போது மடிப்புச்சட்டத்தின் மேல் 450 கிலோ எடை பரவி அழுத்துகிறது என்று பொருள். மடிப்பின் அகலம் குறையக் குறைய இந்தச் சுமை ஏறும். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட, 50 மி.மீ. பக்கமும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட ஆங்கிள் இரும்பு இந்தச் சுமைக்கு உடையாது. ஆனால் நடுவில் 2 மி.மீட்டருக்கு மேல் தொய்யும். 20 மி.மீ. மடிப்பில் 2 மி.மீ. தொய்வு என்றால் ஏறக்குறைய 6 டிகிரி குறைபாடு. முனைகளில் 90 டிகிரியும் நடுவில் 84 டிகிரியுமாக மடிந்த பெட்டிக்கு மூடி பொருந்தாது.

இதற்குக் கனமான இரும்பை வாங்கிப் போடுவதைவிட, இருக்கும் இரும்பை ஆழமாக நிறுத்துவதே சரியான தீர்வு. சட்டத்தின் விறைப்பு அதன் ஆழத்தின் மும்மடியைப் பொறுத்தது. 75 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள பட்டை இரும்பை மடிப்புச்சட்டத்தின் அடியில் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்தால், விறைப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடும். தொய்வு அரை மில்லிமீட்டரை நெருங்கும். அதே பட்டையைப் படுக்கையாக வைத்து ஒட்டினால் எடைதான் கூடும், பயன் மிகக் குறைவு. நீளத்தின் பங்கு இன்னும் பெரியது. மில்லிமீட்டருக்கு இவ்வளவு என்ற அதே சுமையில் தொய்வு நீளத்தின் நான்மடியாக ஏறுகிறது. ஒரு மீட்டர் எந்திரத்தை அரை மீட்டராகச் சுருக்கினால் தொய்வு 16இல் ஒரு பங்காகிவிடும். முதன்முதலாக எந்திரம் செய்பவர் 50 அல்லது 60 செ.மீட்டரோடு நிறுத்திக்கொள்வது மிக நல்ல முடிவு. நீளமான எந்திரங்களில் மடிப்புச்சட்டத்துக்குப் பின்னால் ஒரு கம்பியை முனைக்கு முனை இழுத்துக் கட்டி, திருகால் முறுக்கி, நடுப்பகுதியை முன்னே தள்ளி வைப்பார்கள்.

அடுத்தது சுழலும் அச்சு. அடிச்சட்டத்தின் மேல்விளிம்பும் மடிப்புச்சட்டத்தின் மேல்விளிம்பும் தொட்டுக்கொள்ளும் கோடு எதுவோ, அதன் மேலேயே கீல் ஊசியின் மையம் அமைய வேண்டும். மையம் கீழே இறங்கினால் சுழலும் சட்டம் பிடிச்சட்டத்தை நோக்கி நகர்ந்து தகட்டை நசுக்கும். மேலே ஏறினால் சட்டம் விலகிப்போய், கூரான மடிப்பு கிடைக்க வேண்டிய இடத்தில் உருண்ட வளைவுதான் கிடைக்கும். இதற்காகவே ஆங்கிளின் முனைகளில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கீலை அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வைக்கிறார்கள். கதவுக் கீல் மலிவானது. ஆனால் அதில் ஆட்டம் இருக்கும். முனைகளில் தடித்த தகட்டைத் துளையிட்டு, 16 மி.மீ. உருண்டைக் கம்பியை ஊசியாகப் போடுவது மேலானது.

பிடிச்சட்டமும் இதே தொய்வுக்குத் தப்பாது. இரு முனைகளிலும் திருகை இறுக்கும்போது நடுப்பகுதி மேலே எழும்பும், தகடு அங்கே நழுவும். அதன் அடிப்பக்கத்தை நடுவில் இம்மியளவு புடைத்திருக்குமாறு தேய்த்துவிட்டால், இறுக்கும்போது நடு முதலில் படிந்து, பிறகு முனைகள் படியும். பிடிச்சட்டத்தின் மூக்கு மடிப்புக் கோட்டிலிருந்து குறைந்தது தகட்டின் தடிமன் அளவுக்குப் பின்னே தள்ளியிருக்க வேண்டும். தடித்த தகட்டுக்கு இன்னும் அதிகம். எனவே பிடிச்சட்டத்தின் போல்ட்டுத் துளைகளை நீள்துளைகளாக வெட்டுவது அவசியம்.

மடித்து முடித்துக் கையை எடுத்ததும் தகடு சிறிது விரியும். சாதாரண எஃகில் இது ஓரிரு டிகிரி. எவர்சில்வரில் மேலும் கூடும். அலுமினியத்தின் மீட்சிக் குணகம் எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், வலுவேற்றிய அலுமினியத் தகடுகள் நிறையவே விரியும். சில கலவைகள் கூராக மடித்தால் வெடித்தும்விடும். ஆகவே மடிப்புச்சட்டம் 90 டிகிரியோடு நிற்காமல் 120 டிகிரிக்கு மேலாவது சுழல வழி இருக்க வேண்டும். எவர்சில்வர் மடியும்போது வேகமாக இறுகும் உலோகம். சாதாரண எஃகில் 1.2 மி.மீ. வரை மடிக்கும் எந்திரம் எவர்சில்வரில் சுமார் 0.9 மி.மீட்டரோடு நின்றுவிடும். உணவு வண்டி வேலைக்காக எந்திரம் செய்பவர் இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

தகட்டை வெட்டும் அளவிலும் நடுநிலைப் பரப்புக்குப் பங்குண்டு. வெளியளவு 50 மி.மீட்டரும் 30 மி.மீட்டருமாக ஒரு ‘எல்’ வேண்டும் என்றால் 80 மி.மீ. வெட்டுவது தவறு. 1.2 மி.மீ. தகடு, உள்வளைவின் ஆரமும் 1.2 மி.மீ. என்றால், நேரான பகுதிகள் 47.6, 27.6 மி.மீ. வளைவுப் பகுதியின் நீளம் நடுநிலைப் பரப்பில் சுமார் 2.6 மி.மீ. மொத்தம் 77.8. நான்கு மடிப்புள்ள பெட்டியில் இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். நான்கு பக்கமும் எழுப்பிய தட்டுக்கு இன்னொரு தடையும் வரும்: முதலில் மடித்த இரு பக்கங்கள் நீளமான பிடிச்சட்டத்தில் இடிக்கும். அதற்காகப் பிடிச்சட்டத்தைப் பல அகலங்களில் விரல்களாகத் துண்டித்து, வேண்டியவற்றை மட்டும் மாட்டிக்கொள்ளும் வகை உண்டு.

கட்டும்போது மிகவும் கெடுப்பது பற்றவைப்பின் சூடு. நீளமாக ஒரே மூச்சில் பற்றவைத்த ஆங்கிள் ஆறும்போது வில்லாகிவிடும். சிறு சிறு புள்ளிகளாக, முனை மாற்றி முனை பற்றவைத்து, நடுநடுவே நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் எந்திரத்தின் முழு நீளத்துக்கும் ஒரு தகட்டை மடித்து, இரு முனையிலும் நடுவிலும் கோணத்தை அளக்க வேண்டும். நடு பின்தங்கினால் முதலில் கம்பியை முறுக்கியோ மெல்லிய தகடு செருகியோ சரிசெய்யலாம். அதிலும் அடங்காவிட்டால் சட்டத்தின் ஆழத்தைக் கூட்டத்தான் வேண்டும். மூன்று இடத்திலும் வேறுபாடு அரை டிகிரிக்குள் இருந்தால், கூரைத் தகரம், தட்டு, பெட்டி என்று ஒரு சிறு பட்டறைக்கு வரும் மெல்லிய தகட்டு வேலைகளுக்கு அந்த எந்திரம் போதும். 2 மி.மீ. தகட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு மடிக்கும் வேலை வந்தால், அதை எண்ணெய் அழுத்த எந்திரம் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவதே நல்லது.