சி ஷிப்ட்டுக்குப் பழகாத மரபணு

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் இரவுப் பணியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: “போகப் போகப் பழகிடும்.” லைனில் நிற்கும் சீனியர் சொல்வார், சூப்பர்வைசர் சொல்வார், ஊரிலிருந்து போனில் பேசும் அம்மாவும் அதையேதான் சொல்வார். பழகாது என்பதற்கான வலுவான ஆதாரம் பழ ஈக்களை எண்ணியே வாழ்நாளைக் கழித்த மரபியலாளர்களிடமிருந்து வந்தது. அவர்களில் சிலர் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. மதுரையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தவர்கள்.

கதை 1971இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் சீமோர் பென்சரின் மாணவரான ரொனால்ட் கொனோப்கா மூன்று வகைப் பிறழ்ந்த ஈக்களைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்கு ஒரு நாள் என்பது சுமார் 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28 மணி நேரம். மூன்றாவதற்கு நாள் என்ற ஒழுங்கே கிடையாது. மூன்று கோளாறுகளும் ஒரே மரபணுவில் இருந்தன. ‘பீரியட்’ என்று பெயரிடப்பட்ட அந்த மரபணுவை 1984இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோரின் ஆய்வகங்கள் பிரித்தெடுத்தன. அது உண்டாக்கும் புரதம் இரவில் செல்லுக்குள் சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கும் மரபணுவையே அணைக்கிறது. பிறகு புரதம் சிதைய, மரபணு மறுபடி விழிக்கிறது. இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. தூக்கத்தின் நேரம் வளர்ப்பாலும் சோம்பலாலும் அமைவது என்ற எண்ணம் இத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை.

நம் ஊர்க் கதை இதைவிடச் சுவையானது. ஜெர்மனியில் உயிரிக் கடிகார ஆய்வாளர் எர்வின் பியூனிங்கின் ட்யூபிங்கனில் ஆய்வு செய்துவிட்டு வந்த எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரிக் கடிகார ஆய்வுக்கு ஒரு பள்ளியையே உருவாக்கினார். அங்கே வயல் எலிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற விஜய் குமார் சர்மா, பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் ஈக்களுக்கு மாறினார். கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவரும் நேரம்தான் அவர் பிடித்த நூல். விடியலில் வெளிவருபவற்றை ஒரு வம்சமாகவும் மாலையில் வருபவற்றை வேறொரு வம்சமாகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். விடியல் வம்சத்தின் கடிகாரம் வேகமாகவும் மாலை வம்சத்தின் கடிகாரம் மெதுவாகவும் ஓடத் தொடங்கியது. கோழி கூவும் முன் எழுகிறவரும் நள்ளிரவில்தான் மூளை தெளிகிறவரும் பிறப்பிலேயே வேறானவர்களாக இருக்கலாம் என்பதன் ஆய்வக வடிவம் இது. 1999இல் அதே மையத்தின் ஷீபா வாசு, சர்மா, சந்திரசேகரன், அமிதாப் ஜோஷி ஆகியோர் வெளியிட்ட முடிவுதான் நம் விவாதத்துக்கு உயிர்நாடி. அணையாத விளக்கின் கீழ், இரவையே காணாமல், 600 தலைமுறைகளுக்கு மேல் வளர்ந்த ஈக்களை இருட்டும் வெளிச்சமும் மாறிவரும் சூழலில் வைத்தார்கள். அவை நேரம் பார்த்து வெளிவந்தன. தொடர் இருட்டிலும் அந்த ஒழுங்கு நீடித்தது.

மனிதக் கணக்கில் 600 தலைமுறை என்றால் தலைமுறைக்கு 25 ஆண்டு வைத்தாலும் 15,000 ஆண்டுகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது 1998இல். அணையாத விளக்கோடு இந்தப் பகுதிக்கு உள்ள உறவு ஒரு தலைமுறையைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இதற்குள் உடம்பு பழகிவிட்டது என்கிறோம்.

ஈயின் கதை மனிதனுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முன்னிரவிலேயே கண் சொக்கி விடியலுக்கு வெகு முன்னே விழிக்கும் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். காரணம், ஈயின் ‘பீரியட்’டுக்கு இணையான மனித மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததுதான். 2017இல் யங்கின் ஆய்வகம் பின்னிரவில்தான் தூக்கம் வருகிறவர்களிடம் வேறொரு கடிகார மரபணுவின் மாற்றத்தைக் கண்டது. சில மக்கள் கூட்டங்களில் 75 பேருக்கு ஒருவரிடம் அது இருக்கலாம் என்றும் கணித்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியை ‘புற்றுநோயை உண்டாக்கக் கூடும்’ என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் உறுதிப்படுத்தியது. மனிதரிடம் கிடைத்த சான்று இன்னும் முழுமையாகவில்லை என்பதையும் அந்த முகமையே சொல்கிறது. பயமுறுத்த இதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. சூரியனைக் காணாத உயிரும் சுற்றத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் என்று காட்டியதே சந்திரசேகரன் குழுதான். மதுரை சமணர் மலைக் குகையின் இருட்டில் கூண்டில் அடைத்த வௌவால், கூட்டம் வெளியே பறந்துபோய்த் திரும்பும் நேரத்தை வைத்தே நாளைக் கணித்தது. தனியே விட்டால் அதன் நேரம் நகர்ந்துகொண்டே போனது. அப்படியென்றால் மனிதனும் மாறலாமே? மாறலாம், சுற்றமும் கூடவே மாறினால். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய சி ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடிந்து, கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் முகத்தில் வெயில் அடிக்கத் திரும்புகிறவருக்கு அந்த வெயிலே ‘பகல் வந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. தகரக் கூரை அறையில் பி ஷிப்ட்டுக்குக் கிளம்பும் நண்பர் பாத்திரம் உருட்டுகிறார். வார விடுமுறையில் ஊர் முழுக்கப் பகலில் விழித்திருக்கிறது. வௌவால் ஆய்வு உண்மையில் தொழிலாளி பக்கம்தான் பேசுகிறது.

சட்டம் இதைக் கண்டுகொண்டதா? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்டுக்கு விடுமுறை நாளை எப்படி எண்ணுவது என்று சொன்னது. ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், அதாவது ஓர் இரவு. அது சம்பளக் கணக்கருக்கான விதி. பெண்களின் இரவுப் பணிக்கு இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் நீக்கியது. சமத்துவம் என்ற அளவில் சரியான தீர்ப்பு. அதன் பிறகு பாதுகாப்பும் போக்குவரத்தும் பேசப்பட்ட அளவுக்கு உடம்பின் கடிகாரம் பேசப்படவில்லை.

கண்ணாடி உலையை இரவில் அணைக்க முடியாது. ஏற்றுமதி ஆர்டரும் காத்திருக்காது. நைட் அலவன்ஸை நம்பித் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறவர் இரவுப் பணியே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்பது ஷிப்ட்டை அடுக்கும் விதத்தைத்தான். வெளிக் குறிப்பு எதுவும் இல்லாதபோது மனிதனின் உள்நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தூக்க ஆய்வாளர் சார்லஸ் சைஸ்லரின் குழு 1999இல் அளந்தது. ஆகவே தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். காலை ஏ, பிற்பகல் பி, இரவு சி என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு தொடரும்; சி, பி, ஏ என்று பின்னோக்கி இழுத்தால் திணறும். 1982இலேயே சைஸ்லர் குழு யூட்டாவின் ஒரு கனிம ஆலையில் திசையை மாற்றி, வாரச் சுழற்சியை மூன்று வாரமாக்கிப் பார்த்தது. தொழிலாளர் மனநிறைவோடு உற்பத்தியும் கூடியது. எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் சண்டை உண்டு. திசையில் அவ்வளவு இல்லை.

வல்லம் வடகாலில் 2024இல் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு விடுதி திறக்கப்பட்டது. ஒரே ஷிப்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரே தளம், ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத திரை: அரசு நினைத்தால் இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆலைகளில் அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்காரும் நிர்வாகமும் சங்கமும் அலவன்ஸ் தொகையோடு ஷிப்ட் சுழலும் திசையையும் ஒரு ஷரத்தாக எழுதிக் கையெழுத்திடட்டும்.