வேலிக்கு ஓணான் சாட்சி

வீட்டுக் கணினியில் மால்வேர் புகுந்துவிட்டதென்று சந்தேகம் வந்தால், பெரும்பாலோர் ஆன்டிவைரஸை ஓடவிடுகிறார்கள். ‘அச்சுறுத்தல் ஏதுமில்லை’ என்று திரையில் வந்ததும் நிம்மதியாகிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே விளம்பரங்களும் அதே மந்தமும் தலைகாட்டினால் இன்னொரு ஆன்டிவைரஸைத் தேடிப் போகிறார்கள். எது நல்ல ஆன்டிவைரஸ் என்று அலைவதற்குமுன், அது யார் பேச்சைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் என்ன இருக்கிறதென்று அறிய, அது பெரும்பாலும் விண்டோஸின் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த விண்டோஸே மால்வேரின் பிடியில் இருந்தால் வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான். ஆகவே, பிடிவாதமான மால்வேரை விரட்டும் வேலையை அந்த விண்டோஸுக்கு வெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தப் பொய்ச்சாட்சி புதிதல்ல. 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், ஃபிளாப்பியில் கணினி முதலில் படிக்கும் பகுதியான பூட் செக்டாரில் குடியேறியது. அங்கிருந்த அசலை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்தியது. நினைவகத்தில் வைரஸ் விழித்திருக்கும்போது யாராவது பூட் செக்டாரைப் படித்தால், அந்த அசலை எடுத்து நீட்டியது. பார்த்தவர் கண்ணுக்கு எல்லாம் சுத்தம்! கால் நூற்றாண்டு நெருங்கியபோது இதே தந்திரம் விண்டோஸின் கருவான கெர்னல்வரை இறங்கியிருந்தது. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு கெர்னல் அப்டேட்டை வெளியிட்டதும், பல விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின. பழி அப்டேட் மேல் விழுந்தது. ஆராய்ந்தபோது அந்தக் கணினிகளில் ‘அலூரியான்’ என்ற ரூட்கிட், அதாவது தன்னை மறைத்துக்கொள்ளும் மால்வேர், ஒளிந்திருந்தது தெரிந்தது. கெர்னலின் சில முகவரிகள் மாறவே மாறாது என்று நம்பி அதை எழுதியிருந்தார்கள். அப்டேட் அவற்றை நகர்த்தியதும் ரூட்கிட் தடுமாறிக் கணினியையும் சேர்த்துக் கவிழ்த்தது. அந்தத் தடுமாற்றம் நேராதிருந்தால் அது சத்தமில்லாமல் குடியிருந்திருக்கும்.

நாளை இதைவிடக் கெட்டிக்கார ஆன்டிவைரஸ் வராதா என்று கேட்கலாம். வரும், ஆனால் பிழையே இல்லாத ஒன்று வராது என்பதை கணினி ஆராய்ச்சியாளர் ஃபிரெட் கோஹென் 1984லேயே காட்டிவிட்டார். எந்த நிரல் வைரஸ் என்று தவறாமல் சொல்லும் ஆன்டிவைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘நான் வைரஸா?’ என்று அதனிடமே கேட்டு, ‘ஆம்’ என்றால் சும்மா இருந்து, ‘இல்லை’ என்றால் பரவுகிற ஒரு நிரலை எழுதலாம். ஆன்டிவைரஸ் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது பொய்யாகும். இதனால் ஆன்டிவைரஸ் வீணென்று ஆகிவிடாது. ‘கண்டேன்’ என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘காணோம்’ என்றால் அதற்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து தொடங்குவதன் பலம் எளிமையானது. ஓடாத மால்வேர் வெறும் கோப்பு. அதனால் பொய் சொல்ல முடியாது. விண்டோஸிலேயே உள்ள ‘டிஃபெண்டர் ஆஃப்லைன்’ ஸ்கேன், கணினியை ரீஸ்டார்ட் செய்து, வழக்கமான விண்டோஸ் எழுவதற்குமுன் தேடுவது இதற்காகத்தான். ஆனால் திருடனைப் பிடித்தால் மட்டும் போதாது, அவன் திறந்துவைத்த கொல்லைக்கதவும் இருக்கிறது. ‘டிஎன்எஸ் சேஞ்சர்’ என்ற மால்வேர் சுமார் 40 லட்சம் கணினிகளில், இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பைத் திருடர்களின் சர்வர் பக்கம் திருப்பியிருந்தது. 2011 நவம்பரில் அந்தக் கும்பல் பிடிபட்ட பிறகும் அந்த அமைப்புகள் அப்படியே கிடந்தன. பலருடைய இணையம் அறுந்துபோகாதிருக்க, அந்த இடத்தில் மாற்று சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியதாயிற்று. எது எது மாறியதென்று பட்டியல் இல்லாத நிலையில், முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே நிச்சயமான வழி. அதாவது, நம் கடைக்காரர்கள் சொல்லும் ‘ஃபார்மட் அடிப்பது’.

படங்களும் ஆவணங்களும் போய்விடுமே என்பது நியாயமான கவலை. அவற்றை முதலில் நகலெடுத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாலர்களையும் கிராக்குகளையும் விட்டுவிட வேண்டும். நகலை, புதிதாக நிறுவிய விண்டோஸில் ஸ்கேன் செய்த பிறகே திறக்க வேண்டும். ஃபார்மட்டுக்கும் தப்பும் மால்வேர் உண்டே என்றால், உண்டு. 2018இல் வெளிப்பட்ட ‘லோஜாக்ஸ்’ மதர்போர்டின் ஃபர்ம்வேரில் ஒளிந்ததால் ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் திரும்பியது. அதன் இலக்கு அரசு அமைப்புகள். வீடுகளில் அத்தகையது அபூர்வம். அப்படி வந்தாலும் ஃபர்ம்வேரைப் புதிதாக எழுதுவதுதான் தீர்வு என்பதால் வாதம் மாறவில்லை. எதிர்முனையில், பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்று விளம்பரம் கொட்டுவதற்காக யாரும் ஃபார்மட் அடிக்க வேண்டாம். அதை நீக்கினால் போதும். நீக்கியும் திரும்பினால், பிரவுசரின் ஒத்திசைவு (sync) அதை மறுபடி கொண்டுவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

களவுபோன கடவுச்சொல்லை எந்த ஃபார்மட்டும் மீட்காது. அதை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்ற வேண்டும். விண்டோஸை நிறுவுவதற்கான பென்டிரைவையும் அப்படியொரு கணினியில், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கியே தயாரிக்க வேண்டும். யாரோ கொடுத்த கிராக் விண்டோஸைப் போட்டுவிட்டுக் கணினி சுத்தமாகிவிட்டது என்றால், வேலி அதேதான், ஓணான்தான் புதிது.