ஊர்ப்பிள்ளையும் முதலுரிமையும்

விளையாட்டுச் செய்தியொன்றை இலக்கியப் பக்கத்துக்குக் கொண்டுவருவதேன் என்று ஆசிரிய நண்பர் சிலர் கேட்கக்கூடும். பனித்தரை ஹொக்கியை நம்மவருட் பெரும்பாலார் கண்டதுமில்லை. எனினும், கனடாவின் மொன்றியல் நகரில் 1980ஆம் ஆண்டு எழுந்த வழக்கு வெறும் பந்தய வழக்கன்று; சொந்தப் பிள்ளைக்கு ஊர் பட்டிருக்கும் கடன் யாது என்னும் வழக்கு அது.

அந்நாட்டு முறையை முதலிற் சொல்லிவிடுகிறேன். அங்கே இளைஞனொருவன் தான் விரும்பிய குழுவிற் சேர்ந்துவிட முடியாது. ஆண்டுதோறும் குழுக்கள் முறைவைத்து இளைஞரைத் தெரிந்தெடுக்கும். அக்காலத்திற் பின்தங்கிய குழுவுக்கே முன்னுரிமை. அவ்வுரிமையையும் பண்டம்போலக் கைமாற்றலாம். விளையுமுன்னே நெல்லை விற்பது போன்ற வாணிபம் இது.

இவ்வாணிபத்திற் கைதேர்ந்தவர் மொன்றியல் கனேடியன்ஸ் குழுவின் முகாமையாளர் சாம் பொலக். கியூபெக் மாகாணத்தின் தேர்சோ என்னும் சிற்றூரிற் பிறந்த கீ லஃபிளேர் 1971இல் தெரிவுக்கு வருவார் என்பதை அறிந்து, கலிபோர்ணியக் குழுவின் அவ்வாண்டு முதற்சுற்று உரிமையை 1970இலேயே வாங்கிவைத்தார். கலிபோர்ணியா கடைசி இடத்தைத் தவறவிட்டுவிடுமோ என்று அஞ்சி, அதனோடு கீழிருந்த லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவை வலுப்படுத்தத் தம் மூத்த ஆட்டக்காரர் ஒருவரையே அங்கு அனுப்பினார் என்பர். லஃபிளேர் வந்தார், மொன்றியல் அவரோடு ஐந்து முறை ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது.

பொலக் 1978இல் விலகினார். ஆனால் 1976இல் கொலராடோ குழுவோடு அவர் செய்த மாற்று, 1980இன் முதலுரிமையை மொன்றியலுக்குத் தேடித்தந்தது. இம்முறை ஊர்ப்பிள்ளை வெகு அண்மையில் இருந்தார். டெனி சவார் நகரையடுத்த வேர்டனில் வளர்ந்தவர். மொன்றியல் இளைஞர் குழுவில் ஆடியவர். அவரோடு ஆடிய தோழர் இருவரின் பெயரும் டெனி. மூவரும் பிறந்தது 1961 பெப்ரவரி 4ஆம் நாள். கதையாசிரியன் எழுதியிருந்தால் மிகையென்று தள்ளியிருப்போம்.

முகாமைக்கோ உயரமும் உடற்கட்டும் வாய்ந்த நடுவாட்டக்காரர் வேண்டியிருந்தது. மேற்குச் சமவெளியின் றெஜைனா நகரத்து டக் விக்கன்ஹைசர் அப்பருவத்தில் 89 கோல்கள் போட்டிருந்தார். திறனாய்ந்தோர் பலரும் அவரையே முதல்வராக மதித்தனர். தெரிவு விழா முதன்முறையாகப் பொதுமக்கள் காண நடந்தது. அதுவும் மொன்றியலின் சொந்த அரங்கில். அங்கே விக்கன்ஹைசரின் பெயர் ஒலித்தது. சவாரை மூன்றாவதாகச் சிக்காகோ எடுத்துக்கொண்டது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது நம் பழமொழி. மொன்றியலிலோ, ஊரார் விரும்பிய மாட்டை விட்டு விலைமதித்தவரே வேறொன்றை அவிழ்த்துச் சென்றனர்.

சவார் தம் ஆட்டவாழ்வில் 473 கோல்கள் போட்டார், விக்கன்ஹைசர் 111. தெரிவு பிழையென்று இன்று சொல்வது எளிது. அன்று கையிலிருந்த சான்றுகளை நோக்கின் அதைப் பெரும் பிழையென நான் கருதவில்லை. என்னை உறுத்துவது வேறு. தீர்மானித்தவர்கள் முகாமையினர், பழி சுமந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். சிக்காகோவிற் சவார் போட்ட ஒவ்வொரு கோலும் மொன்றியலில் அவன் கணக்கிற் பற்றாக எழுதப்பட்டது. 1983 டிசெம்பரில் அவனைச் செயின்ட் லூயிசுக்கு அனுப்பிவிட்டனர்.

1990இல் மொன்றியல் சவாரை மீட்டது. ஈடாகக் கொடுத்தது, முந்திய ஆண்டிற் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்ற கிறிஸ் செலியோசை. அவர் பிறந்த ஊர் சிக்காகோ! இரு ஊர்ப்பிள்ளைகளும் ஒரே மாற்றில் வீடு திரும்பினர். 1993இற் கிண்ணம் வென்ற மொன்றியல் குழுவிற் சவாரும் இருந்தார். ஆயினும் அதே விருதைச் செலியோஸ் சிக்காகோவில் மேலும் இருமுறை பெற்றார். பத்தாண்டு பிந்திய பாசத்துக்கு அந்நகர் கொடுத்த விலை சிறிதன்று.

விக்கன்ஹைசர் 1999இற் புற்றுநோயால், தம் 37ஆவது வயதில் மறைந்தார். அவர் பெயரை மொன்றியல் ஒரு பிழையின் பெயராகவே நினைவுகூர்வதுண்டு. செயின்ட் லூயிசில் அப்படியன்று. 1986 மே 12ஆம் நாள், கல்கரிக்கு எதிராக 2–5 எனப் பின்னின்ற அந்நகர்க் குழு, இறுதிப் பன்னிரண்டு நிமிடங்களுள் ஆட்டத்தைச் சமன்செய்தது. மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் விக்கன்ஹைசர். அவ்விரவை அந்நகரத்தார் ‘திங்கள் இரவு அற்புதம்’ என்றே இன்றும் வழங்குகின்றனர்.